அணையில் கிடந்த தோட்டம்

கறுப்புத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கவே இல்லை. கமலாசனி பூவாளியால் ஊற்ற ஊற்ற அது இறுகிய கிரவல் சரளையின் மேலாக வழிந்து, வேலிக் கரையைப் பிடித்துக்கொண்டு போய் வீதி வாய்க்காலுக்குள் விழுந்தது. கிளிநொச்சிக் கடையொன்றில் வாங்கிய ஹியூமிக் அமிலம் அது. செத்த மண்ணையும் எழுப்பிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இருபது லீற்றர் தண்ணீருக்கு ஒரு மூடி என்று பிளாஸ்டிக் கானில் எழுதிக் கிடந்தது. கமலாசனி இரண்டு மூடி விட்டாள். மூன்று வருடமாக ஒரு வெண்டிக்காயைக் கண்ணில் காட்டாத நிலத்துக்கு ஒரு மூடி எந்த மூலைக்கு என்பது அவளுடைய நியாயம்.

"இந்தமுறை வாய்க்கால் நல்லாக் காய்க்கும்," என்றார் அவள் புருசன் கணபதி. அவர் மாமரத்தின் கீழே கதிரையைப் போட்டு, சரிவர மடங்காத இடது காலை நீட்டி வைத்திருந்தார். அந்தக் காலுக்குள் இன்னும் ஒரு இரும்புத் துண்டு கிடக்கிறது. வேலை செய்ய முடியாத குறையை அவர் வாயால் தீர்த்துக்கொள்வார்.

"நீங்கள் கதைக்கிற கதையைக் கரைச்சு ஊத்தினாலாவது மண் இளகும்," என்று சொல்லிவிட்டு அவள் பூவாளியைக் கவிழ்த்தாள். சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வரப் பார்த்தது.

பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து அரை மைல் உள்ளே இருக்கும் முக்கால் ஏக்கர் காணி அது. இரண்டாயிரத்து ஒன்பது தொடக்கத்தில் விட்டுவிட்டு ஓடினார்கள். போர் முடிந்த பிறகு அங்கே இராணுவ முகாம் இருந்தது. பதினொரு வருடம் ஓமந்தையில் ஒரு சொந்தக்காரரின் பின்வளவில் தகரம் போட்டு இருந்தார்கள். ஒருவருக்குச் சொந்தமான கிணற்றில் கேட்டுக் கேட்டுத் தண்ணீர் அள்ளுவதைப் போல ஒரு சிறுமை வேறில்லை என்பதை கமலாசனி அங்கேதான் படித்தாள். காணியை விடுகிறார்கள் என்று அறிந்த அன்றே மூட்டையைக் கட்டிவிட்டாள்.

வந்து பார்த்தால் கிணறு இருந்தது, இரண்டு மாமரம் இருந்தது, வீடு இல்லை. நிலம் முழுவதும் கிரவல் கொட்டி, வாகனம் திரும்புவதற்காக உருளை ஓட்டி இறுக்கியிருந்தார்கள். அலவாங்கால் குத்திக் கிரவலைக் கிளப்பினால் அடியில் சிவந்த கட்டாந்தரை. தோட்டம் செய்த கறுத்த மேல்மண் என்று ஒரு பிடிகூட அந்தக் காணியில் கிடையாது. கத்தரி நட்டாள், மஞ்சள் பூத்துச் செத்தது. மிளகாய் நட்டாள், முழத்துக்கு மேலே எழும்பவில்லை. "இந்த மாரியும் இப்பிடியே போனால் திரும்ப ஓமந்தைக்குப் போவம்" என்று கணபதி சொல்லத் தொடங்கியிருந்தார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. கமலாசனிக்கோ திரும்பிப் போவதை விடக் கிணற்றில் குதிப்பது சுலபமாகத் தெரிந்தது.

வாய்க்காலில் ஓடிய கறுப்புத் தண்ணீரைக் கண்டுதான் விவசாயப் போதனாசிரியர் பிரசாந்தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். வவுனியாப் பெடியன், முப்பது வயது இருக்கும். கானை வாங்கிப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"அம்மா, இது பசளை இல்லை. இது பிடிச்சு வைக்கிற சாமான். தண்ணியைப் பிடிக்கும், நீங்கள் போடுற உரத்தைப் பிடிக்கும், தூள் மண்ணைக் கட்டியாச் சேர்க்கும். குழையும் எருவும் மண்ணுக்குள்ளை உக்கி உக்கிக் கடைசியாக் கறுப்பா ஒண்டு மிஞ்சுமே, அதிலை உள்ள சத்துத்தான் இது. அதைப் பிரிச்சு எடுத்துக் கானிலை அடைச்சு விக்கினம். மண்ணே இல்லாத இடத்திலை இது எதைப் பிடிக்கும்?"

"அப்ப வீணோ தம்பி?"

"வீணில்லை. மண் வந்தாப்பிறகு குடுங்கோ."

"மண் என்ன பஸ்ஸிலை வருமோ?" என்றார் கணபதி.

பிரசாந்தன் காணியின் வடக்குக் கரைக்கு நடந்தான். அங்கே முகாமின் மண் அணை அப்படியே நின்றது. ஆள் உயரம், நாற்பது அடி எடுத்து வைக்கும் நீளம். கண்ணிவெடி அகற்றியவர்கள் அதையும் கருவி வைத்துப் பார்த்துப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எருக்கலையும் புல்லும் அதன்மேல் மண்டிக் கிடந்தன. பிரசாந்தன் அலவாங்கைக் கேட்டு வாங்கி ஒரு இடத்தில் ஆழமாகக் குத்தி, ஒரு பிடி மண் எடுத்து மணந்து பார்த்தான். பிறகு இரண்டு ஜாம் போத்தல் கேட்டான்.

ஒன்றில் காணியின் மண், மற்றதில் அணையின் மண். இரண்டுக்கும் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கிணற்றுக் கட்டில் வைத்தான். காணி மண் கணநேரத்தில் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. அணை மண் தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகும் கலங்கிக் கறுத்தே நின்றது. மேலே வேர்த்துணுக்கும் உக்கின இலைத் துண்டும் மிதந்தன.

"உங்கடை தோட்டம் எங்கையும் போகேல்லையம்மா," என்றான் அவன். "வழிச்சு எடுத்து அங்கை நிமித்தி வைச்சிருக்கினம். இவ்வளவு காலமும் குவிஞ்சு கிடந்ததாலை உள்ளுக்குக் காத்தில்லாமல் புளிச்சுப்போச்சு. உடைச்சுப் பரவி, சாணியும் குழையும் கலந்து, அதுக்குப் பிறகு இந்தக் கறுப்புத் தண்ணியை விடுங்கோ. ஒரு மூடி. மாரி துவங்க முதல் செய்தால் தைக்கு நீங்கள் சந்தைக்குப் போகலாம்."

அவன் போன பிறகும் கமலாசனி அணையைப் பார்த்தபடியே நின்றாள். மூன்று வருடமாக அந்த அணையைத் திட்டாத நாள் இல்லை. அதன் நிழல் காணியில் விழுகிறது என்று திட்டியிருக்கிறாள், பாம்பு குடியிருக்கிறது என்று திட்டியிருக்கிறாள். தன்னுடைய மண்ணைத்தான் இவ்வளவு நாளும் திட்டியிருக்கிறாள். கிட்டப் போய் அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

அது முழுவதும் அவளுடையது அல்ல என்பதும் உடனே உறைத்தது. அணைக்கு அந்தப் பக்கம் இலட்சுமியின் காணி. அதுவும் வீதி மட்டத்துக்கு முழங்கால் கீழே சிவப்பாகக் கிடக்கிறது. இரண்டு காணியையும் வழித்துத்தான் இந்த அணை. அணை நிற்பது கமலாசனியின் எல்லைக்குள் என்றாலும் பாதி மண் இலட்சுமியுடையது. இதை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பெக்கோ இயந்திரம் பிடித்து உடைத்து, ஆளுக்குப் பாதி என்று அவள் மனதுக்குள் அப்போதே பிரித்துவிட்டாள்.

ஒரு தடைதான் இருந்தது. அணையின் கிழக்கு மூலையில் வைரவர் இருந்தார்.

இலட்சுமி கமலாசனியைவிட நாலைந்து வயது மூத்தவள், தனி ஆள். ஆறு வயது மகன் சுஜிதன் ஊர் விட்டு ஓடிய வருடத் தை மாதம் எறிகணைச் செல்லடியில் போனான். புருசன் வைகாசிக்கு முன் கடற்கரையில் போனார். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். எங்கே புதைத்தது, யார் தூக்கியது என்று இந்தப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. கேட்டால் தன்னுடையதையும் சொல்ல வேண்டி வரும். காணி விட்ட முதல் கிழமையே இலட்சுமி அணையின் மூலையில் ஒரு கருங்கல்லை நட்டு, வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைக்கத் தொடங்கினாள். காவலுக்கு வைரவரை வைத்திருக்கிறாள் என்று கமலாசனி எடுத்துக்கொண்டாள். வளவு மூலையில் கல்லை வைத்தால் அது வைரவர்தானே. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை கமலாசனியே உழுந்து அரைத்து வடைமாலை கோத்து அந்தக் கல்லுக்குப் போட்டாள். இலட்சுமி பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டாள். என்ன பக்தி என்று கமலாசனி அன்றைக்கு வியந்தாள்.

இப்போது வைரவரை முறைப்படி எடுத்து வேறிடத்தில் இருத்தாமல் அணையில் கை வைக்க முடியாது. அதைக் கேட்கத்தான் பின்னேரம் இலட்சுமியின் வீட்டுக்குப் போனாள். இலட்சுமி குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கமலாசனி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: ஜாம் போத்தல், கறுத்த மண், ஆளுக்குப் பாதி, வெள்ளிக்கிழமை பெக்கோ.

"வியாழக்கிழமை ஒரு பொங்கல் வைப்பம். ஐயரையும் கூப்பிடுவம். வைரவரை எங்கை இருத்துவம் எண்டு மட்டும் நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

சுளகு நின்றது.

"அது வைரவர் இல்லைக் கமலா."

"பின்னை?"

"சுஜிதன்."

கமலாசனிக்கு முதலில் விளங்கவில்லை. இலட்சுமி சுளகை இறக்கி வைத்துவிட்டு, வேறு யாருடையதோ கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"முருங்கைக்குக் கீழைதான் தாட்டது. முழங்கால் ஆழம்கூட இல்லை. அடுத்த செல் விழமுதல் மூடவேணும் எண்டு இவர் கையாலை மண்ணை அள்ளினவர். பாயோடை வைச்சம். பிறகு அந்த நேரமே வெளிக்கிட்டிட்டம். திரும்பி வந்து பாத்தால் முருங்கையும் இல்லை, மண்ணும் இல்லை. வளவை வழிச்சு அங்கை குவிச்சிருக்கினம். அவனையும் வழிச்சுத்தான் போட்டிருப்பினம். எந்த இடத்திலை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அதுதான் ஒரு கரையிலை கல்லை வைச்சன்."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் கிண்டுவியள். இல்லாட்டில் ஆரும் வந்து பெட்டியிலை போட்டுக் கொண்டு போவினம். இதெண்டால் கிட்டக் கிடக்கிறான்."

உண்மையைச் சொன்னால், கமலாசனிக்கு முதலில் வந்தது கோபம். மூன்று வருடம் அலவாங்கு பிடித்துக் கை காய்த்தவள் அவள். மண் கிடைத்துவிட்டது என்று நினைத்து அரை நாள்கூட ஆகவில்லை. இந்த மனுசி வாயைத் திறந்து அதையும் பறித்துக்கொண்டாளே என்று அவள் உள்ளம் கொதித்தது. வடைமாலை நினைவுக்கு வந்த பிறகுதான் கோபம் வடிந்து வெட்கமாக மாறியது.

"நான் விசரி, வடைமாலை போட்டனே அக்கா..."

"போட்டாய். ஆசையாத்தானே போட்டாய்," என்றாள் இலட்சுமி.

அன்றிரவு சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்த கணபதிக்கு அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பெக்கோவை மறிச்சிட்டன்," என்றாள் கமலாசனி. "கையாலை உடைச்சு அரிச்சுப் பாப்பம் எண்டு அக்காவிட்டைச் சொல்லிப்போட்டன்."

"எலும்பு வந்தால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ உனக்கு? பொலிசுக்குச் சொல்லோணும். நீதவான் வருவார். நாடா கட்டுவினம். பிறகு இந்தக் காணிக்குள்ளை கால் வைக்க எத்தினை வருசம் செல்லுமோ ஆருக்குத் தெரியும்? நான் உயிரோடை இருப்பனோ தெரியாது."

"தெரியும்."

"தெரிஞ்சு கொண்டோ?"

"அந்த மண்ணை இனி நான் எப்பிடிக் கண்ணை மூடிக்கொண்டு கொத்திறது? நீங்கள் சொல்லுங்கோ. மண்வெட்டியை ஓங்கேக்கை எனக்குக் கை வருமோ?"

கணபதி சோற்றைப் பிசைந்தார். விடிந்ததும் அவர்தான் கம்பி வலையைப் பலகைச் சட்டத்தில் அடித்து, மாமரக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டார். கதிரையில் இருந்தபடியே ஆட்டி மண் அரிக்க அது தோதாக இருந்தது.

ஆவணி நடுவில் தொடங்கினார்கள். கமலாசனி மண்வெட்டியால் அணையைச் சுரண்டிச் சுரண்டி இறக்குவாள், கொத்த மாட்டாள். இலட்சுமி பனையோலைக் கடகத்தில் அள்ளி வருவாள். கணபதி அரிப்பார். அரித்த மண்ணை எல்லையில் இரண்டு குவியலாகப் போட்டார்கள். ஒரு கடகம் இந்தப் பக்கம் கமலாசனிக்கு, மற்றக் கடகம் அந்தப் பக்கம் இலட்சுமிக்கு. வலையில் தங்கியதை இலட்சுமி ஒவ்வொன்றாக விரலால் புரட்டிப் பார்ப்பாள். கிரவல், வேர், வெற்றுத் தோட்டா, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, உடைந்த சட்டி ஓடு, ஒரு கரண்டி. வெள்ளையாக எது கிடந்தாலும் மூவரின் கையும் நின்றுவிடும். அது நத்தை ஓடாக இருக்கும், இல்லையென்றால் சுண்ணாம்புக் கல்லாக இருக்கும்.

அந்த நாட்களில் கமலாசனி பட்ட பாட்டை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. விடிய எழும்பிக் கும்பிடும்போது, பிள்ளை கிடைத்துவிட வேண்டும் என்று கேட்பாள். கேட்டு வாய் மூடுவதற்குள், கிடைக்காமல் இருக்க வேண்டும் என்ற நினைப்பு வந்துவிடும். கிடைத்தால் காணி போகும். ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடுகிற நேரத்தில் தான் காணியை நினைக்கிறேனே என்று தன்மீதே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் மண்வெட்டியால் சுரண்டும்போது ஒவ்வொரு தடவையும் குனிந்து உற்றுப் பார்த்தாள், அது பிள்ளைக்காகவா காணிக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

புரட்டாதி முடிந்தது. அணை இடுப்பளவாகி, முழங்காலளவாகி, ஐப்பசி முதல் கிழமையில் நிலத்தோடு நிலமாயிற்று. வானம் கறுத்து, மழை இன்றோ நாளையோ என்று நின்றது. கருங்கல் இருந்த மூலையை இலட்சுமி கடைசிக்கு வைத்திருந்தாள். அதையும் அன்றைக்குக் கையாலேயே கிளறினாள். கடைசிக் கடகம் வலையில் விழுந்தது. கணபதி வழக்கத்தை விட மெதுவாக ஆட்டினார். சிறு கல் கொஞ்சம் மிஞ்சியது. வேறொன்றும் இல்லை.

பிரசாந்தன் அந்த வாரம் குவியலைப் பார்க்க வந்திருந்தான். சாணி எவ்வளவு, குழை எவ்வளவு என்று கமலாசனிக்குச் சொல்லிக்கொண்டு நின்றவனிடம் இலட்சுமி கேட்டாள்.

"தம்பி, நீங்கள் மண் படிச்சனீங்கள். ஆறு வயசுப் பிள்ளையின்ரை எலும்பு மண்ணுக்குள்ளை எத்தினை வருசம் கிடக்கும்?"

அவன் கமலாசனியைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"சின்னப் பிள்ளையளின்ரை... பிஞ்செலும்பம்மா," என்றான் கடைசியில். "ஈரத்திலை, வேருக்குள்ளை கிடந்தால்... பதினாலு வருசத்திலை கரைஞ்சு போறதும் உண்டு. மண்ணோடை மண்ணாப் போயிருக்கும்."

இலட்சுமி தலையை ஆட்டினாள். பிறகு எழும்பி எல்லைக்குப் போனாள். இரண்டு குவியலும் அங்கே ஒன்றுபோலக் கறுப்பாக நின்றன. அவள் வலது பக்கக் குவியலைப் பார்த்தாள், இடது பக்கக் குவியலைப் பார்த்தாள். திரும்பவும் வலது பக்கம் பார்த்தாள். எந்தக் கடகத்தில் எந்தப் பக்கம் போனான் என்று யாரால் சொல்ல முடியும்? ஐம்பது நாளாக அழாதவள் அங்கே இரண்டுக்கும் நடுவில் குந்தி இருந்து, தொண்டை கிழியக் கத்தி அழுதாள்.

கமலாசனிக்கு அந்த நேரத்தில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"ரண்டையும் நீங்கள் கொண்டுபோங்கோ அக்கா."

"கமலா!" என்றார் கணபதி. அவர் குரலில் பகிடி துளியும் இல்லை.

"ரண்டும் அக்கான்ரை வளவுக்கு."

"உனக்கு மூளை இருக்கோ? மூண்டு வருசம், ஐம்பது நாள்... என்ரை முதுகு..." அவர் சொல்ல வந்ததை முடிக்காமல் கதிரையைப் பிடித்து எழும்பினார். கால் இடறியது. "நீ கிரவலைத் தின்னு. நான் ஓமந்தைக்குப் போறன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். ஓமந்தைக்குப் போகவில்லை. இரண்டு நாள் அவளோடு கதைக்காமல் இருந்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவரே தடியூன்றிப் போய், ஊரில் மாடு வைத்திருக்கும் வீரகத்தியின் உழவு இயந்திரத்தைப் பேசிக்கொண்டு வந்தார். நாலு நாளில் இரண்டு குவியலும் இலட்சுமியின் வளவில் பரவிற்று. ஐந்தாம் நாள் மழை இறங்கியது.

கமலாசனி வெறும் கிரவலில் முதலிலிருந்து தொடங்கினாள். வீரகத்தியின் மாடுகள் மாரியில் கட்ட இடமில்லாமல் நின்றன. அவற்றைத் தன் காணியில் பட்டி அடைக்கச் சொன்னாள். நாற்பது மாடு இரவில் கிடந்து எழும்ப, சாணியும் மூத்திரமும் நிலத்துக்கு. பத்து நாளைக்கு ஒரு இடமாகப் பட்டியை மாற்றினார்கள். பகலில் அவள் அலவாங்கால் கிரவலைக் கிளப்பிக் கூட்டி அள்ளிவிட்டு, நீளக் கிடங்கு வெட்டி, பூவரசங்குழையும் சீமைக்கிளுவைக் குழையும் காய்ந்த பனையோலையும் தாட்டு, சாணி போட்டு மூடி, மேலே கறுப்புத் தண்ணீரை அளவாக ஒரு மூடி கலந்து விட்டாள். முழுக் காணிக்கும் இது ஆகிற காரியமில்லை. ஆறு பாத்திக்குத்தான் அவளுடைய உடம்பு இடம் கொடுத்தது. அந்த ஆறு பாத்தியில் மார்கழிக் கடைசியில் கீரை முளைத்தது. மெலிந்த முளைதான், ஆனால் மஞ்சளாகவில்லை. கணபதி ஒவ்வொரு நாளும் அதை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். ஓமந்தைப் பேச்சு நின்றுவிட்டது.

இலட்சுமியின் வளவில் அந்த நல்ல மண் சும்மா கிடந்தது. அவள் ஒன்றும் நடவில்லை. மண்வெட்டி படக்கூடாது, ஆடு கோழி மிதிக்கக்கூடாது. ஒரு புல் முளைத்தாலும் குனிந்து பிடுங்கிவிட்டு முற்றம் போலப் பெருக்கி வைத்தாள். அடித்த மழையில் மேல்மண் இறுகித் தண்ணீர் தேங்கியது. மழை விட்டு வெயில் எறிக்க அது பாளம் பாளமாக வெடித்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கக் கமலாசனிக்கு மனம் பதறும். மண் தெரிந்தவள் அவள். அது மறுபடியும் சாகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் நடுங்கோ அக்கா என்று எந்த வாயால் சொல்வது?

தை பிறந்து பத்து நாள் இருக்கும். விடியற்காலை இலட்சுமி வெறுங்கடகத்தோடு வந்து கமலாசனியின் எருக்கும்பிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கமலா, உதிலை கொஞ்சம் தாவன்."

"எடுங்கோ அக்கா. என்ன, ஏதும் நடப்போறியளோ?"

"நடேல்லை."

கமலாசனி சாணியும் உக்கின குழையும் கலந்த எருவைக் கடகத்தில் அள்ளிப் போட்டாள். இலட்சுமி அதைப் பார்த்தபடி நின்றாள்.

"அண்டைக்கு விடிய எழும்பினதும் கஞ்சி கேட்டவன்," என்றாள். "அடுப்பிலை கிடக்கு, பொறடா எண்டனான். திரும்பவும் வந்து கேட்டவன். எனக்குக் கோவம் வந்து, போய் வெளியிலை விளையாடு எண்டு துரத்திவிட்டனான். வெறும் வயித்தோடைதான் போனவன் கமலா. இப்ப ஒவ்வொரு நாளும் விடிய அந்த மண் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதை என்னாலை பாத்துக்கொண்டு இருக்கேலாது."

கமலாசனி இன்னொரு கடகத்தை நிரப்பித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள்.

வளவில் இலட்சுமி குந்தி இருந்து எருவைப் பிடி பிடியாக எடுத்து, வெடிப்புகளுக்குள் விரலால் தள்ளி, மேலே மண்ணைத் தடவி மூடினாள். மண்வெட்டி வேண்டாம் என்றாள். கமலாசனி உதவிக்குக் கை நீட்டியபோது, "விடு, நான் குடுக்கிறன்" என்று மறித்தாள். இரண்டு கடகமும் முடிய வெயில் ஏறிவிட்டது. இலட்சுமி எழும்பிக் கையைச் சீலையில் துடைத்தாள்.

"இனி எப்ப போடோணும்?"

"இது உக்கி இறங்கோணும் அக்கா. இனி ஒரு மூண்டு மாதம் போகட்டும்."

"மூண்டு மாதமோ?" இலட்சுமியின் முகம் ஒடுங்கியது. "அவ்வளவு நாளைக்கு ஒண்டும் குடுக்காமலோ?"

எருவை ஒரே இடத்தில் மேலும் மேலும் போட்டால் மண்ணுக்குக் கெடுதல். கமலாசனியின் ஆறு பாத்திக்கே எரு போதாது. இரண்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் குனிந்து வெறுங்கடகம் இரண்டையும் எடுத்து ஒன்றுக்குள் ஒன்றை வைத்தாள்.

"நாளைக்கு விடியக் கொண்டு வாறன் அக்கா," என்றாள்.